கொழும்பு நேரம்

அடுத்த வீட்டு நளீர் காக்காவின் குரலைத் தெரியாத ஆள் கல்முனைக்குடியில் இல்லை. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். இருபத்தெட்டு வருடம் கொழும்பில் அறிவிப்பாளர். முதலில் வானொலி, பிறகு டீவி. நோன்பு மாதத்தில் அவர்தான் நோன்பு திறக்கும் நேரம் சொல்லுவார். அது கொழும்பு நேரம். கிழக்குக் கரையில் எங்களுக்குச் சூரியன் எட்டு நிமிடம் முந்தியே மறைந்துவிடும். நாங்கள் திறந்துவிட்டு, கஞ்சி குடித்துக்கொண்டே அவரைக் கேட்போம்.

போன வருடம் புதுமுகம் வேண்டுமென்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரே புறுபுறுப்பு. மீன் வண்டிக்காரனை மறித்து, அவன் ஒலிபெருக்கியில் கூவுகிற விதத்தைத் திருத்துகிறார். அவன் இப்போது எங்கள் ஒழுங்கைக்கே வருவதில்லை. நான் சந்தைக்கு நடக்கிறேன்.

இந்த நோன்பில்தான் ஒரு வழி பிறந்தது. மெயின் வீதி மாடியில் புதிதாகத் தொடங்கிய உள்ளூர் டீவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஒரு நாள் நோன்பு திறக்கும் நிகழ்ச்சி, நேரலை. சரிவந்தால் தினமும் மாலை நிகழ்ச்சி அவருக்குத்தான்.

"நம்மட ஊர் நேரம் எழுதின தாளக் குடுத்தாங்களாம், பாஹிமா. 'எனக்கா?' எண்டு திருப்பிக் குடுத்திட்டாராம்" என்றாள் அவர் மனைவி ஹாஜறா, பெருமையாக.

அன்று ஒழுங்கையே ஹாஜறா வீட்டில். கையில் பேரீச்சம்பழம், கண் டீவியில். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது, நோன்பு திறக்க நேரமாகிவிட்டது. டீவியில் நளீர் காக்கா கோட்டும் சூட்டுமாக, "நோன்பு திறக்க இன்னும் எட்டு நிமிடங்கள், அன்பு நேயர்களே" என்றார்.

ஹாஜறாவின் தம்பி றுமைஸ் பழத்தை வாயில் போட்டான்.

"மச்சான் சொல்லாம உனக்கென்னடா அவசரம்?"

"ராத்தா, மச்சான் இன்னும் கொழும்புலதான் நிக்கிறார். எனக்குப் பசிக்குது."

எல்லோரும் சாப்பிட்டோம். பொய் சொல்லக் கூடாது, நான் இரண்டு கோப்பை கஞ்சி குடித்தேன். ஹாஜறா மட்டும் பழத்தைப் பிடித்தபடி எட்டு நிமிடமும் இருந்தாள். அவர் சொன்ன பிறகுதான் வாயில் வைத்தாள்.

இரவு மதிலுக்கு அங்கால் சத்தம். நானாகப் போய்க் கேட்கவில்லை, கேட்டது.

"நாளைக்கு வர வேணாமாம்! இருபத்தெட்டு வருசம் ஒரு செக்கன் பிழைச்சிருக்கேனா நான்?"

"இண்டைக்கும் பிழைக்கல்லயே. கொழும்புக்குச் சரியாத்தான் சொன்னீங்க."

அதன்பிறகு பீங்கான் ஒன்று உடைந்தது. யார் போட்டார்கள் என்று ஹாஜறா இன்னும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அந்த வீட்டில் டீவிச் சத்தம் இல்லை. பாங்கு சொல்லி முடிந்தது. மதிலுக்கு மேலால் நளீர் காக்காவின் தலை தெரிந்தது. ஒரு கையில் பழம், மறு கையில் மணிக்கூடு.

"பாஹிமா, நீங்க திறந்திட்டீங்களா?"

நாட்டுக்கே நேரம் சொன்ன மனிசன்.

"ஓம் காக்கா" என்றேன். "திறங்க."