பதினொரு விநாடிக் கதவு

1.
இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, திருடினேன். ஒரு விண்வெளி வீடியோ கேமின் ரசிகர்கள் இணையத்தில் போட்ட சண்டையிலிருந்து. அதில் ஒரு பெண் தளபதி, வெளியேறிப் போகிற ஒரு வீரனின் பின்னால் கப்பல் கதவைச் சாத்துகிறாள். பதினொரு விநாடி, அவ்வளவு மெதுவாக. ஏன்? 'சாகப்போகிறாள், இது அவள் நினைவு' என்கிறது ஒரு கோஷ்டி. 'அந்தக் கிரகத்தில் நேரமே அப்படித்தான்' என்கிறது இன்னொன்று. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சிரித்தேன். பிறகு ஒரு வாரம் அதையேதான் படித்தேன்.

2.
மழை பெய்த ஞாயிறு மதியம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி—

(மழை வேண்டாம். மழையைப் போட்டால் நீங்கள் தானாக உருகிவிடுவீர்கள், அது ஏமாற்று.)

சரி, மருந்துக்கடை அக்கா. மூன்று வருடம் முன்பு தம்பி நல்ல வேலையை உதறிவிட்டு கேம் செய்யக் கிளம்பினான். "போனா அப்படியே போயிடு!" என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது. இந்த கேமைச் செய்த குழுவில்தான் அவன் இருக்கிறான்.

அந்தக் கதவுக் காட்சியை அவள் பார்க்கிறாள். தூசி மிதக்கிறது. தளபதியின் முடி தண்ணீருக்குள் போல அலைகிறது. கை எழுகிறது. சாதாரண வேகத்தில் அது தள்ளுகிற கை. மெதுவாகப் பார்த்தால், தள்ளுமுன் விரல்கள் விரிந்து, போகிறவனின் சட்டையைப் பிடிக்க நீள்கின்றன.

அக்கா காட்சியை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். அவள் கையும் அன்று அப்படித்தான் நீண்டது. 'தம்பி பாத்துட்டான்! அதான் இப்படி வச்சிருக்கான்.' இதுதான் அவள் கோட்பாடு.*

* இணைய ரசிகர் மன்றத்தில் எழுதினாள். ஆதாரப் படம் இல்லை என்று நீக்கிவிட்டார்கள். தன் கையையா படம் எடுத்துப் போடுவாள், பாவம்!

3.
முதல் முடிவு: அவள் போனில் கூப்பிட்டதும் தம்பி தேம்பித் தேம்பி— (எழுதியதை அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

இரண்டாவது: மாத்திரை அட்டை வெட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடையிலிருந்தே கூப்பிட்டாள்.

"அந்தக் கதவு... நீதானே செஞ்ச?"

"இல்லக்கா. அது வேற ஆளு. நான் விண்கல் மட்டும்தான். அந்த இடத்துல கம்ப்யூட்டர் திணறும், அதான் மெதுவா ஓட விட்டாங்க."

கோட்பாடு பணால். இதோடு முடித்துவிடலாம் என்று நான் எழுந்தேவிட்டேன். அக்கா போனை வைக்கவில்லை.

"அப்போ அன்னைக்கு நீ பாக்கவே இல்லையா?"

"எதைக்கா?"

"சாத்துறதுக்கு முன்னாடி நான் கையை நீட்டுனேன்டா. உன்னைப் பிடிச்சு நிறுத்தத்தான்."

4.
தம்பிக்கு ஏழு பதில் எழுதிப் பார்த்தேன், ஏழும் பொய். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லியிருக்கலாம். கடை வாசலில் மருந்துச் சீட்டோடு நிற்பவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தம்பியாக அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.