பதினேழு விநாடி

அமைச்சர் என் தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது என் வலது கன்னத்தில் மட்டும் சவரம் முடிந்திருந்தது. கண்ணாடிக்கு மேலிருந்த அலமாரியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. காலைச் செய்தி நிகழ்ச்சியில் ஏழரை மணிக்குப் பெரிய மனிதர்களின் பேட்டி வரும். இந்த நகரத்தில் பாதிப் பேர் சட்டைக்கு இஸ்திரி போடுவதே அதைக் கேட்டுக்கொண்டுதான். "வெள்ளம் வந்த அன்று காலை மதகு இயக்குபவர் மூன்று முறை உங்கள் அலுவலகத்தை அழைத்து, மதகைத் திறக்க அனுமதி கேட்டிருக்கிறார். அழைப்பை எடுத்தது யார்?" என்று கேட்டார் பேட்டியாளர். கேள்வி முடிந்ததோ இல்லையோ, பதில் வந்து விழுந்தது. "விசாரணை நடந்துட்டிருக்குங்க. ஒரு தனி ஊழியரோட கவனக்குறைவுக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாது. அவர் தூங்கிட்டாரா, வேற ஏதாவது நிலைமைல இருந்தாரான்னு விசாரிப்பாங்க."

சவரக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாத்தீங்களா பெரியவரே, கேட்ட மாத்திரத்துல பட்டுனு சொல்லிட்டாரு. மனசுல ஒண்ணும் இல்லாதவன்தான் இப்படி யோசிக்காமப் பேசுவான். அந்த மதகுக்காரன் நல்லா ஏத்திக்கிட்டுப் படுத்திருப்பான்."

"அந்த மதகுக்காரன் என் கூடப்பிறந்தவன்" என்றேன். போர்த்தியிருந்த துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, இடது கன்னத்து நுரையோடு தெருவில் இறங்கி நடந்தேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் குடித்தவன் ஒருவன்கூடக் கிடையாது. வேலை நேரத்தில் கண்ணயர்ந்தவனும் கிடையாது. என் தம்பி இருபத்தாறு வருஷம் அந்த நீர்த்தேக்கத்தில் தண்ணீரின் மட்டத்தை அளந்து எழுதியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறான். அன்று நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஆற்றின்மேல் கட்டிய புதுப் பாலத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருவதாக இருந்தது. அவர் வந்து போகும்வரை மதகைத் தொடக்கூடாது, தொடுவதானால் அவருடைய அலுவலகத்தில் கேட்கவேண்டும் என்று உத்தரவு. மழை உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. கடைசியில் தம்பி தன் பொறுப்பில் திறந்தபோது தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து அறுபது வீடுகளில் இடுப்பளவு நின்றது. உயிர் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வரும் திங்கட்கிழமை விசாரணை.

பதினொரு நாளாக அவன் பின்கட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டும் உள்ளேதான் போகிறது. நான் கதவைத் திறந்து நின்றேன். என் பாதி முகத்தைப் பார்த்து அவன் எழுந்து நின்றான்.

"மூணு தடவை போன் பண்ணியா?"

"பண்ணினேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அன்னிக்கு நான் வாசல்ல கால் வைக்கறப்பவே, 'வாயத் திறக்காத, நம்ம குடும்பம் தெருவுல நின்னு நியாயம் பேசுற குடும்பம் இல்ல'ன்னீங்க. அதான் திறக்கலண்ணே."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தண்ணீர் மட்டத்தைப் படிக்கச் சொன்னால் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான். கதவைச் சாத்திவிட்டு வந்து முகத்தைக் கழுவினேன். நுரை காய்ந்து தோலை இழுத்துப் பிடித்திருந்தது.

அந்தக் காலைச் செய்தி நிகழ்ச்சியில்தான் என் மகள் வேலை செய்கிறாள். பேட்டிகளை முந்தின நாள் மாலையே பதிவு செய்துவிடுவார்கள். அதை நறுக்கி, நேரத்துக்குள் அடக்கி, ஒலிபரப்புக்குக் கொடுப்பவள் அவள். அங்கே அவளுக்குப் பேரே கத்தரி. பெரிய மனிதர்களின் இருமலும் இழுவையும் என் மகளின் கைபட்டுத்தான் ஊருக்குப் போகின்றன என்று சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். பதினொரு மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"உன் சித்தப்பாவ அந்த ஆள் ஊரறியக் குடிகாரன்னு சொல்றான். நீ அத ஒட்டி மெருகு போட்டு அனுப்புறியா?"

அவள் பையை மேசைமேல் வைத்தாள். "ஒட்டலப்பா. வெட்டினேன்."

"எத?"

"பதிவப்போ நானும் அங்கதான் இருந்தேன். அந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லல. பதினேழு விநாடி சும்மா உக்காந்திருந்தார். நாற்காலி கிறீச்சுனுச்சு. தண்ணி குடிச்சார். கூட வந்த உதவியாளரப் பாத்தார், அந்த ஆள் வேண்டாம்னு தலையாட்டினார். அப்பறம்தான் வாயத் திறந்தார். ரேடியோவுல மூணு விநாடிக்கு மேல சத்தம் இல்லேன்னா நிலையம் நின்னுபோச்சுன்னு ஜனங்க நினைப்பாங்க. கம்ப்யூட்டர்ல பேச்சு மேடும் பள்ளமுமாத் தெரியும், பேசாத இடம் வெறும் கோடு. கோட்ட வெட்டணும். அதான் என் வேலை."

பதினேழு விநாடி! சவரக்காரர் முதல் விசாரணை அதிகாரி வரை அத்தனை பேரும் அந்த ஆளின் திணறலைக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் யோக்கியனைக் கேட்டார்கள். அந்த யோக்கியனைச் செய்தது என் வீட்டுப் பெண்ணின் கை.

"அது உன் சித்தப்பாவோட மானம்னு தெரியலயா உனக்கு?"

"தெரியும்ப்பா. தெரிஞ்சேதான் வெட்டினேன். போன வாரம் வேற ஒருத்தர் ஒன்பது விநாடி முழிச்சார், அதையும் வெட்டினேன். சித்தப்பாவுக்காக மட்டும் விட்டுவச்சா, நாளைக்கு நான் யாரோட கத்தரி? இந்தக் குடும்பத்துப் பேரச் சொல்லிச் சலுகை வாங்காதன்னு நீங்கதானே வளத்தீங்க?"

நான் கொடுத்த முதுகெலும்பு எனக்கு எதிரிலேயே நிமிர்ந்து நின்றது.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் எழுதிய கடிதமுமாக நானே வானொலி நிலையத்துக்குப் போனேன். முழுப் பேட்டியையும் உள்ளது உள்ளபடி ஒலிபரப்ப வேண்டும் என்று நாலே வரியில் எழுதியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு நிலையத் தலைவர் கூப்பிட்டார். என் மகளின் வயதுதான் இருக்கும். கடிதத்தைப் படித்து, மடித்து, மறுபடி என் பக்கமே தள்ளினார்.

"ஐயா, அவர் சொன்னத ஒரு வார்த்தைகூட நாங்க மாத்தல. சொல்லாதத எப்படி ஒலிபரப்புறது?"

"கேள்வி கேட்டா மனுஷன் சும்மா இருக்கறதும் ஒரு பதில்தான். அந்தப் பதில எடுத்துட்டீங்க."

"ரேடியோன்னா ரேடியோவுக்குன்னு ஒரு முறை இருக்குங்கய்யா." அவர் குரல் இறங்கியது. "உங்க பொண்ணு நல்லா வேலை செய்யுது. அந்தப் பதிவப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கல. கேக்க வேண்டாம்னு பாக்குறேன்."

நான் எழுந்தேன். அறுபத்தெட்டு வருஷத்தில் ஒருவன் என் பெண்ணை வைத்து என்னை மிரட்டியது அதுவே முதல் தடவை. கடிதத்தை எடுக்காமல் வந்துவிட்டேன். வீட்டில் மகளிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மறைப்பது என் வழக்கமில்லை. கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

"பயப்படாதே. இனி நான் அங்க வரமாட்டேன்" என்றேன்.

"எனக்குப் பயமில்லப்பா. நாலு வருஷமா எத்தனை பேர யோசிக்காமப் பேசுறவங்களா ஆக்கியிருக்கேன்னு எண்ணிப் பாக்குறேன். எண்ண வரல."

சனிக்கிழமைகளில் அந்த வாரத்துப் பேட்டிகளில் முக்கியமானவற்றை மறுபடி போடுவார்கள். அன்று அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினாள். காப்பியை நின்றபடியே குடித்தாள். வாசலில் நின்று, "சத்தத்த நல்லா கூட்டி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஏழரைக்கு வானொலியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு விளையாட்டு வீரர் பேசினார். ஒரு மருத்துவமனைத் தலைவர் பேசினார். பிறகு அமைச்சர். பேட்டியாளரின் கேள்வி கூடத்தை நிறைத்தது. "அழைப்பை எடுத்தது யார்?"

ஒன்றுமே வரவில்லை.

இரண்டு விநாடி, மூன்று, நான்கு. வானொலியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பின்கட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. தம்பி வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது, வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. நேரே வானொலியிடம் போய்க் குமிழில் கை வைத்தான். நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னண்ணே, நின்னுபோச்சா?"

"இல்லடா. அமைச்சர் பேசிட்டிருக்கார்."

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். வானொலிக்குள்ளே எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவன் கையை விலக்கிக்கொள்ளாமல் தலையை மட்டும் சாய்த்தான். குவளையில் தண்ணீர் விழுந்தது. ஒரு தொண்டை அதை விழுங்கியது. குவளை திரும்பவும் மேசையில் அமர்ந்த சத்தம் எங்கள் கூடத்தில், எங்கள் மேசையிலேயே வைத்ததுபோலக் கேட்டது. என் விரல்களுக்குக் கீழே தம்பியின் நாடி ஓடிக்கொண்டிருந்தது.