ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயர்

1

இந்தக் கதை எனக்கு முதலில் இரண்டு கால்களாகத்தான் கிடைத்தது. இடுப்பளவு மதிலுக்கு உள்ளே ஒரு பழைய கார் நின்றிருந்தது. திறந்த கதவுக்கு வெளியே அந்தக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் முன்சீட்டில் தலைகீழாகப் படுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் டார்ச் பிடித்திருந்தார். வெளிச்சம் அவள் கையில் விழவில்லை, பிரேக் மிதியில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே பிடியுங்கள் என்று அவள் சொல்லவே இல்லை. இருட்டில் தடவித் தடவி வேலை செய்தாள்.

நான் காய்கறிப் பையோடு கடந்து போய்விட்டேன். அந்த டார்ச் மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

2

எப்படித் தொடங்குவது?

["அந்தக் கார் ஒரு கனவைப் போல—" வேண்டாம். கார் காரைப் போலத்தான் இருந்தது.]

["இக்னிஷன் சுவிட்ச் என்பது—" இது கதையா, பாடமா?]

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் மருமகள். கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்று வைத்திருக்கிறாள். டார்ச் பிடித்தவர் மாமனார், வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். கார் அவருடையது, வயதில் மருமகளுக்கு மூத்தது. இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்ன கொஞ்ச நாளில் இக்னிஷன் சுவிட்சும் மக்கர் செய்தது. வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர நிம்மதி. கார் தானாகவே கெட்டுப்போனதில் யார் மேலும் பழி இல்லை பாருங்கள்.

அவர் சும்மா இருப்பாரா? யாரிடமோ சொல்லிவைத்துப் புது சுவிட்சை வரவழைத்தார். மகனிடம் கொடுத்தால் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பான் என்று மருமகள் கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

3

கார் ஓடாத அந்த நாட்களிலும், சாயங்காலமானால் அதில் போய் உட்கார்ந்துகொள்வார். சாவியை ஒரு தடவை திருப்பினால் ரேடியோ பாடும். இன்னொரு தடவை திருப்பினால் எதிரே சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரியும். மூன்றாவது தடவைக்கு இன்ஜின் உறுமவேண்டும். அது மட்டும் நடக்காது.

வெயில் சாய்ந்து கண்ணாடியில் மஞ்சளாகப் படரும். ரெக்சின் சீட்டிலிருந்து பழைய வாசனை எழும். அவர் கைகள் ஸ்டீயரிங்கை லேசாக அசைக்கும். மலைப்பாதையில் ஒரு வளைவு வரும். ஹாரன் அடிக்காமலே எதிர்வண்டி ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் பஸ் நிறைய ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் விழித்திருப்பார். பிறகு பனி இறங்கி சாலையை மூடும். இப்போதெல்லாம் அந்தப் பனி கொஞ்சம் சீக்கிரமே இறங்கிவிடுகிறது.

(முதல் வரைவில் அவருக்குப் போக ஓர் இடம் கொடுத்திருந்தேன்: மனைவியின் கல்லறை. படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது, கிழித்துப்போட்டேன். அவருக்கு எங்கேயும் போகவேண்டாம். ஓட்டவேண்டும், அவ்வளவுதான்.)

4

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுக்கவேண்டும். சாவி நுழைகிற பூட்டு வேறு, அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் சுவிட்ச் வேறு. பூட்டைத் தொடாமல் சுவிட்சை மட்டும் உருவி, புதியதைச் செருகி, ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டினால் ஆயிற்று. அதில் ஒன்று, சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயர், இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்குப் போகிறது.

முந்தின நாள் மகன் மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தான்: "அந்த ஒரு ஒயரை மட்டும் மாட்டாம விட்டுடு. லைட் எரியும், ரேடியோ பாடும். அவருக்கு என்ன தெரியப்போகுது?"

அவன் கெட்டவன் இல்லை. அப்பா என்றால் உயிர். தெருவில் விளையாடும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் நினைத்துத்தான் சொன்னான்.

அப்படியே எழுதினேன். அவள் அந்த ஒயரின் முனையில் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுகிறாள். பெரியவர் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். மூன்றாவது தடவையும் சத்தமில்லை. பஸ் ஓட்டிய காதுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. வேலை சுத்தம் என்று மருமகளைப் பாராட்டிவிட்டு, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறார்.

அங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட முடிவு ரொம்பப் பிடிக்கும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சொந்தக் காரிலேயே ஒரு மனிதரை ஏமாந்தவர்போல நடிக்கவிட்டுவிட்டேனே. ஒயரை அரைகுறையாக விட்டு ஒரு வண்டியையும் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை. அவளுக்கும் அது பொறுக்காது.

[இன்னொரு முடிவு: ஒயரை மாட்டிவிடுகிறாள். அவர் தனியாக எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் திரும்பும்போது—]

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

5

ஆக, டேப்பைப் பிரித்தாள். ஒயரை மாட்டினாள். மூடியைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகும். உங்க பிள்ளை ஒரு ஒயரை விட்டுடச் சொன்னார். நான் விடல. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

அவர் கோபப்படுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நீ பக்கத்துல வந்து உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தாள். சாவி திரும்பியது. இன்ஜின் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க மெல்ல நடுங்கியது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளட்சை மிதித்து கியரைப் போட்டவர், அப்படியே இருந்தார். முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மணி என்ன என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

"கேட் தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

கேட் நேர் எதிரே, கூப்பிடு தூரத்துக்கும் குறைவான தூரத்தில் இருந்தது.

கண் இவ்வளவு மங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாரிடமும் ஒப்புக்கொள்ளாத மனிதர் அவளிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

அந்தக் கேட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வேண்டுமென்றால் திரும்பிப் பாருங்கள். அது எப்படி இருந்தாலும், அவள் சொல்வதைத்தான் அவர் நம்பப்போகிறார். எனக்கு நா எழவில்லை. அவளுக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள், அவர் இன்னும் கிளட்சை மிதித்தபடிதான் இருக்கிறார்.