வெள்ளானூர் மாடுகளுக்கு வந்த இருமல்

முதல் அடி வீரராகவனுடையதுதான். மண்வெட்டிக் காம்பால் ஓங்கிப் போட்டதில் நஜீரின் வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. பால் கறக்கிற கை. அதைப் பார்த்து வீரராகவனுக்கு வயிறு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கில் சளி ஒழுக, மூச்சு இழுத்து இழுத்தே செத்த தன் மூன்று மாடுகளைக் குழியில் தள்ளிவிட்டு வந்தவன் அவன்.

பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் நஜீர், சந்தையிலிருந்து புது மாடு பிடித்து வந்ததால்தான் வெள்ளானூருக்கு இந்த இருமல் தொற்றியது என்று ஊரை ஏற்றிவிட்டவனும் அவனே. இதே இருமலுக்கு மாட்டைப் பறிகொடுத்த மைத்துனன் நாகேந்திரன் நான்கு பேரைத் திரட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டான். நஜீரை அவன் தொழுவத்திலிருந்து சாணிக்குழியோரம் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. தடுக்க வந்த அவன் மனைவி அஷ்ரஃபுன்னிசாவின் நெற்றியிலும் ரத்தம்.

அப்போது வீரராகவனின் போன் அடித்தது. கால்நடை டாக்டர் ரேணுகா. எல்லாத் தொழுவத்திலும் மாட்டு மூக்கில் பஞ்சு விட்டுச் சளி எடுத்துப் போனவர். எல்லாம் ஒரே வைரஸ்தான் என்றார். மாட்டுக்கு மாடு தாவும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக மாறுமாம். வீரராகவன் மாட்டு வைரஸில் கண்ட மாற்றமெல்லாம் நஜீர் மாட்டு வைரஸிலும் இருக்கிறது, அதற்கு மேல் புதிதாக இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. நாகேந்திரன் மாட்டிலும் அப்படியே. சந்தை மாட்டுக்கோ நோயே இல்லை.

"அப்படின்னா உங்க தொழுவத்துலேர்ந்துதாங்க எல்லாருக்கும் போயிருக்கு. அங்கேர்ந்து எதையாவது மத்த எடத்துக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

வீரராகவனுக்கு நினைவு வந்தது, மருந்து புகட்டும் தன் மூங்கில் குழாய். யார் வீட்டு மாடு தீனி எடுக்காவிட்டாலும் கஷாயம் காய்ச்சி, தன் மாட்டின் வாயில் விட்ட அதே குழாயால் போய்ப் புகட்டுவான். கைராசிக்காரன் என்று பெயர். கழுவினால் ராசி போய்விடும் என்று அதில் தண்ணீரே படவிடமாட்டான். நஜீர் தொழுவத்துக்குக் கூப்பிடாமலேயே போயிருந்தான்.

நாகேந்திரன் நஜீரின் தலையைக் குறிவைத்துக் கடப்பாரையைத் தூக்கினான். வாயை மூடிக்கொண்டு நின்றால் வீரராகவனுக்கு ஒரு குறையும் வராது. நிற்கத்தான் நினைத்தான், பாவி. நஜீர் ஒடியாத கையால் தலையை மறைத்துக்கொண்டு அவனையே பார்த்தான்.

"உடு மச்சான். அவன் மாட்டுலேர்ந்து வர்ல. என் கொழாதான். உன் மாட்ட நான்தான் சாவடிச்சிக்கீறேன்."

நாகேந்திரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், தூக்கிய கடப்பாரையோடு இந்தப் பக்கம் திரும்பினான். வீரராகவன் ஓடவில்லை. முட்டியில் விழுந்த அடியில் சாணியிலேயே சரிந்தான்.

அஷ்ரஃபுன்னிசா புருஷனைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினாள். இருவரும் வீரராகவனைத் தாண்டி ஆட்டோ பிடிக்க நடந்தார்கள். மறுபடி கடப்பாரையை ஓங்கிய நாகேந்திரனிடம், போதும், விடு என்று யாரும் சொல்லவில்லை.