மலை உச்சியில் முதுகு காட்டி நிற்பவன்

ஓவியக்கூடத்தின் ஏழாம் அறையில் முப்பத்தொரு வருஷம் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். நான் உட்கார்ந்த உட்காரலில் மூன்று நாற்காலிகள் தேய்ந்து காணாமலே போயின. முதுகுக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு படம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய மலைக்காட்சி. உச்சிப் பாறையில் ஒருவன் நமக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, பனிமூட்டத்துக்கு அப்பால் விட்டுவந்த ஊரைத் தேடுகிறான். 'ஏக்கமும் தனிமையும்' என்று பக்கத்தில் பலகை. அவனைப் பார்த்து ஜனங்கள் விட்ட பெருமூச்சில்தான் என் தலைமுடி மொத்தமும் பறந்துபோனது. வழுக்கைக்கு வேறு காரணம் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பாவம், அங்கே அவன் தனியாக நிற்கிறானே! தினமும் கிளம்பிவிடுவேன். பத்தாம் நாள் மனைவி வழிமறித்தாள்.

"தினமும் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு யாரைப் பார்க்கப் போறீங்க?"

"ஒருத்தன் தனியா நிக்கிறான். துணைக்கு யாருமில்ல."

"நானும் வரேன். அப்படி என்ன அனாதைன்னு பார்த்துடறேன்."

வழக்கம்போல நான் முன்னால் பறந்தேன். அவள் பின்னால் வந்து சேர்ந்தாள்.

என் நாற்காலியில் இப்போது அரைப்படி. வாசலில் பைகளை வாங்கி வைக்கும் வேலையிலிருந்து மாற்றலாகி வந்தவன். குட்டை உயரத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. நான் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மனைவி எதிரே நின்று கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள்.

"ஏங்க, கொஞ்சம் நகருங்க." நகர்ந்தேன். "தனியாவா நிக்கிறான்? இவர் தலைக்கு மேல ஒரு பொம்பள உட்கார்ந்திருக்காளே!"

அரைப்படி துள்ளி எழுந்து தலையைத் தட்டிக்கொண்டான்.

ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கீழ்மூலை இருட்டில், மரவேரின்மேல் ஒருத்தி. மடியில் துணிமூட்டை. கையில் கழற்றிய ஒற்றைச் செருப்பு.

ஐயையோ! நாற்காலி போடத் தரையில் வெள்ளைக்கோடு உண்டு. அங்குலம் நகர்த்தக் கூடாது. காவல்காரன் ஆட்களைத்தான் பார்க்க வேண்டும், படத்தை அல்ல. நான் உட்கார்ந்த பிறகே விளக்கு எரியும், எழுவதற்கு முன்பே அணையும். கழுத்தைத் திருப்பினால் உச்சியில் நிற்பவன் மட்டும் தெரிவான். ஓய்வுக்குப் பிறகும் பழக்க தோஷத்தில் அதே மூலையை மறைத்து நின்றுதான் அரட்டை. என் ஆறடி உடம்பை நம்பி ஒரு உலகமே அவனுக்காக அழுது தீர்த்திருக்கிறது! பலகை எழுதிய பெரியவரும் எனக்கு எதிரே நின்றுதான் எழுதியிருப்பார்.

"அப்போ அவன் தனியா இல்லயாண்ணே?" என்றான் அரைப்படி.

மனைவி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவளும் அவ்வளவு மேடு ஏறித்தான் வந்திருக்கா. அவன்தான் திரும்பிப் பார்க்கல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை அமுக்கிக்கொண்டாள்.

"நான் ரொம்ப வேகமா வந்துட்டேனா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கா? கல்யாணம் ஆன நாள்லேருந்தே!"

திரும்பும்போது அவள் பக்கத்திலேயே நடந்தேன். இரண்டு ஆமைகள் எங்களை முந்திக்கொண்டு போயின.

"அந்த மூட்டையில என்னதான் இருக்கும்?" என்று கேட்டேன். "சாப்பாடோ?"

"சாப்பாடா இருந்தா அவன் எப்பவோ திரும்பியிருப்பான்."