திறந்து கிடந்த ஃபோல்டர்

என் வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எங்கள் சர்வர். ஒரே ஹாஸ்டலில் கிடந்த நண்பர்கள் நாலு பேருக்கு லிங்க்கும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தேன். அவரவர் வீட்டிலிருந்தே திறந்து பாட்டு, படம், பழைய போட்டோ என்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். "எவனோ ஒரு கம்பெனிக்காரன்கிட்ட நம்ம போட்டோவக் கொண்டுபோய்க் கொட்டுறீங்களே, வெக்கமா இல்ல? எங்கிட்ட வைங்கடா, பத்திரமா இருக்கும்" என்று பீற்றிக்கொண்டவன் நான்தான். பத்திரமாம்! இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கையெல்லாம் மையோடு வீடு திரும்புவேன். பகிர வேண்டியதைப் பொறுக்கி எடுத்துத் தனி ஃபோல்டரில் போட எனக்குச் சோம்பல். ஒருநாள், வீட்டுக் கோப்புகள் மொத்தமும் கிடக்கும் மேல் ஃபோல்டரையே பகிர்ந்து தொலைத்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எட்டியாவது பார்த்தேனா? இல்லை. பெரிய மேதை அல்லவா!

உள்ளே என் மனைவியின் குரல் இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அவளுக்குப் பேச்சு திக்கும். அதனால் வெளியாட்கள் முன்னால் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வாள். என் நண்பர்கள் கல்யாணத்தில் அவளைப் பார்த்ததோடு சரி, பேசிக் கேட்டதில்லை. ஒரு நூலகத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை நேர்முகம், மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அதற்காகத் தினமும் நான் வேலைக்குப் போனபின், அந்தக் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டித் தன்னை அறிமுகம் செய்துகொண்டு பேசிப் பழகுவாள். ஒவ்வொரு பதிவுக்கும் 'முயற்சி' என்று பெயர் வைத்து எண் போட்டிருந்தாள். நான் ஒன்றையும் கேட்டதில்லை. வேலை கிடைக்கட்டும், அப்புறம் கேட்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை கொசுவின் மொபைல் கடையில் எல்லோரும் கூடினோம். ஆள் ஒல்லி, வாய் ஓயாது, அதனால் அவன் கொசு.

"டேய், உன் சர்வர்ல ஒரு சூப்பர் காமெடி சிக்குச்சுடா" என்று கடை ஸ்பீக்கரில் போட்டான்.

"வ... வ... வணக்கம். எ... என் பே... பே..."

முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொசு அதைப் போலவே பேசிக் காட்டினான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். 'நிறுத்துடா, அது என் பொண்டாட்டி.' நாலே நாலு வார்த்தை. வாயில் வரவில்லை. அவளை யாரும் கேவலமாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான் சும்மா இருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். என்னைக் கேலி செய்வார்களே என்றுதான் பயந்தேன்.

"எங்கடா பிடிச்ச இத?" என்றான் கொசு.

"எங்கயோ டவுன்லோட் பண்ணது. யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றேன்.

அதோடு விட்டேனா? அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பகிர்வை நிறுத்தினேன். யார் எதை எப்போது எடுத்தார்கள் என்று சர்வர் தானாகவே குறித்துவைக்கும். அதைத் திறந்து பார்த்தேன். கொசு மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு பதிவைத்தான் எடுத்திருந்தான். அந்த வரியையும் அழித்தேன். அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். "என்ன, மு... முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தலைவலி என்றேன். தைலம் எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். நெற்றி எரிந்தது. அந்தக் கையை விலக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலை வாசலில் கொசு.

"என்னடா, லிங்க் வேலை செய்யல? உன் பொட்டி படுத்துருச்சா?" என்றபடியே உள்ளே வந்துவிட்டான். நான் அவனை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். அதற்குள் அவள் அறையிலிருந்து வந்தாள். வழக்கமாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள், அன்று போகவில்லை. விடிந்தால் மூன்று பேர் முன்னால் பேச வேண்டும். இவரிடம் பேசிப் பார்ப்போமே என்று நினைத்திருக்கிறாள்.

"வ... வ... வணக்கம். உ... உக்காருங்க. டீ கு... குடிக்கிறீங்களா?"

கொசுவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரும்மா. சத்தியமா அது நீன்னு எனக்குத் தெரியாது."

"எ... எது?"

நான் கண்ணைக் காட்டினேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. சர்வரில் எடுத்ததையும் கடையில் போட்டுக் காட்டியதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எ... எத்தனாவது முயற்சி?"

"பதினேழும்மா."

"அ... அதுதான் ந... நல்லா வந்துச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

கொசு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனான். அவள் என்னிடம் திரும்பினாள்.

"நீங்க அ... அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"நீ... நீங்களும் சி... சி..."

என்ன கேட்க வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

"ஆமா" என்றேன்.