திருகாணி விட்ட இடம்

கடைசி வருஷத்துக்காரர்களை வழியனுப்ப அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மேடை கிடையாது, மாலை கிடையாது. கருத்தரங்கு அறையில் எல்லாரும் உட்கார வேண்டியது. ஒருவர் மைக்கை வாங்கி இரண்டே விஷயம் சொல்ல வேண்டியது: இங்கிருந்து என்ன எடுத்துக்கொண்டு போகிறேன், இங்கிருந்து எங்கே போகிறேன். பேசி முடித்தவர் தன் இஷ்டப்பட்ட ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். யார் எப்போது மாட்டுவார்கள் என்று தெரியாததுதான் அதில் ருசி. மூன்று வருஷமாக அதை வேடிக்கை பார்த்து விழுந்து விழுந்து சிரித்த மேனேஜர், இந்த வருஷம் மூன்றாவது வரிசையில் தேள் கொட்டின திருடன் மாதிரி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முதல் வருஷம் விடுதியில் தண்ணீர் மோட்டார் நின்றுபோய், பெண்கள் எல்லாரும் வாளியும் கையுமாக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றபோது, இவள் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று எந்த மாடி எப்போது பிடிக்கலாம் என்று பிரித்துக் கொடுத்தாள். கத்தாமல், யாரையும் நோகடிக்காமல், ஒரு கல்யாண வீட்டையே சமாளித்த அனுபவசாலி மாதிரி. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அந்த நேரத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “காயில் எரியல, கெபாசிட்டர்தான் போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவள்தான் திருகாணி. பேனா வைக்கிற பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இரண்டு பேரும் அன்று மாலையே அறையை மாற்றிக்கொண்டு ஒன்றாகக் குடியேறினார்கள். அதற்கப்புறம் நகமும் சதையும்தான்.

படித்தது மருத்துவக் கருவிப் படிப்பு. மூன்றாம் வருஷம் பயிற்சிக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கிடங்கில் ரிப்பேர் ஆன சாமான்கள் கூரை தொடக் குவிந்து கிடந்தன. ஒருநாள் ஒரு ஆள் தன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு சரிவுப் பாதையில் இரண்டு மாடி ஏறினார். அவர்களுடைய சக்கர நாற்காலி கீழே வாசலிலேயே நின்றது. முன்சக்கரம் சுற்றவில்லை. திருகாணி அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு பேரிங், விரல் நுனி அளவு. அதை மாற்றிக் கொடுக்க ஊரில் ஒரு கடை கிடையாது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் கடை யோசனை. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், மருந்துக்கடைக்கும் செராக்ஸ் கடைக்கும் நடுவே, ஷட்டர் போட்ட ஒரு சின்ன அறை. வீட்டில் வைத்து உபயோகிக்கிற எந்த மருத்துவக் கருவி கெட்டாலும் அங்கே கொண்டுவரலாம். கழற்றுகிற வேலை திருகாணிக்கு, ஆள் பிடிக்கிற வேலை மேனேஜருக்கு. ஒரு வருஷமாக இதைத் தவிர வேறு பேச்சில்லை. வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், கேண்டீன்காரருக்கும் தெரியும்.

இடையில்தான் ஸ்கேன் மெஷின் தயாரிக்கிற ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. சும்மா பழகிக்கொள்ளலாம் என்று இருவரும் போனார்கள். திருகாணியை எடுத்துக்கொண்டார்கள். மேனேஜரைக் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளாக வைத்தார்கள்.

அன்று ராத்திரி திருகாணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விடுவதா, கடையை விடுவதா என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவளை உட்கார வைத்துப் பேசியது யார்? நம் மேனேஜர்தான். அங்கே போனால் ஆயிரத்தில் ஒருத்தி, இங்கே நாமே கம்பெனி என்றாள். அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன ஆளை மறந்துவிட்டாயா என்றாள். பேசப் பேச அவளுக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையில் திருகாணி வேலைவாய்ப்பு சாரிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

முந்தின ராத்திரி மேனேஜர் சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மனசார நம்பித்தான் சொன்னாள். திருகாணி வேண்டாம் என்று சொன்ன அன்று மத்தியானமே வராந்தாவில் வேலைவாய்ப்பு சார் அவளை நிறுத்தி, உன் தோழி விட்ட இடம் காலியாக இருக்கிறது, அடுத்த ஆள் நீதான், சேர்கிறாயா என்று கேட்டார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்திருக்கலாம். “சேர்றேன் சார்” என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் தனக்குள் எவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்தது. கடை ஓடாமல் போனால், ஷட்டரை ஏற்றிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சொந்தக்காரர்கள் கேட்டால். வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா அழுதாள், அழுத கையோடு மாடிப்படி முழுக்க ஏறி இறங்கி எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டாள். இனி அதை எங்கே போய் அள்ளுவது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்று தொடங்கியது. சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்தாள். ஒவ்வொரு நாளும் திருகாணி வேறொரு நல்ல சேதியோடு வந்து நின்றாள். அறைக்குச் சொந்தக்காரர் வாடகைக்கு விடச் சம்மதித்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர் பழைய மேஜை ஒன்று தருகிறார். போர்டில் உன் பெயரைத்தான் முதலில் போட வேண்டும், என் பெயரைப் பார்த்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மேனேஜர் தலையாட்டினாள். கேட்கக் கேட்க இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இனிமேல் சொன்னால், அவள் இடத்தைப் பிடிப்பதற்காகத்தான் அவளை விடச் சொன்னேன் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை என்று சத்தியம் செய்தாலும், கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சில நேரம் அவளுக்கே சந்தேகம் வந்தது. அவமானத்தில் இது ஒரு ரகம். செய்த தப்புக்கும் கூச வேண்டும், செய்யாத தப்புக்கும் கூச வேண்டும்.

இன்று காலையில்கூட வாயைத் திறந்தாள். திருகாணி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்ததுமே, திருகாணி கையைக் காட்டி நிறுத்தி, போனை எடுத்துக் காதில் வைத்தாள். அறைக்குச் சொந்தக்காரர். நாளைக்குச் சாவி வாங்க வரலாமாம். போனை வைத்துவிட்டு, என்னமோ சொல்ல வந்தாயே என்று கேட்டாள். காலர் சரியா மடியல என்றாள் மேனேஜர்.

ஆக, அறையில் ஒவ்வொருவராக எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் எப்போதும் எதையாவது சொல்லிக் கிண்டல் செய்கிற கமெண்ட் என்பவன் எழுந்து, இங்கிருந்து இரண்டு பற்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன், கேண்டீன் பெஞ்சில் தடுக்கி விழுந்தது, போவது எங்கே என்று வீட்டில் முடிவு செய்யவில்லை என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் மைக்கைத் திருகாணியிடம் கொடுத்தான்.

திருகாணிக்குப் பேச வராது. மைக்கை ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டாள்.  மேனேஜர் கீழே குனிந்து செருப்பைப் பார்த்தாள்.

“எனக்குக் கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும். மனுஷங்ககிட்டப் பேசத் தெரியாது. பர்ஸ்ட் இயர்ல மெஸ்ஸுல தனியா உட்கார்ந்து சாப்பிடுவேன். மோட்டார் நின்ன அன்னிக்கு இவ வந்து தட்டைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தா. அன்னைலேருந்து நான் எங்கயும் தனியாப் போனதில்ல. இங்கேருந்து எதை எடுத்துட்டுப் போறேன்னு கேட்டா, இவளத்தான் எடுத்துட்டுப் போறேன். எங்க போறோம்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நாளைக்குச் சாவி வாங்கறோம். உங்க வீட்ல எது உடைஞ்சாலும் கொண்டு வாங்க.”

அறை அதிர்ந்தது. அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வேலைவாய்ப்பு சார் மட்டும் கைதட்டப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டு, மெதுவாகத் திரும்பி மேனேஜரைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. புரியாத பார்வை. அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அதற்குள் மைக் அவள் மடிக்கு வந்துவிட்டது. திருகாணி வேறு யாரிடம் கொடுப்பாள்?

மேனேஜர் எழுந்தாள். எல்லாரும் சொல்லு, சொல்லு என்று மேஜையைத் தட்டினார்கள். உண்மையைச் சொல்ல இதைவிட மோசமான இடம் இல்லை. சொல்லாமல் விட இதைவிட மோசமான இடமும் இல்லை. திருகாணி அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது வரை சிரிப்பு. 

“அவ சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல,” என்றாள் கடைசியில். “அவ எங்கயோ, நானும் அங்கதான்.”

மறுபடியும் கைதட்டல். அவள் யாரிடம் மைக்கைக் கொடுத்தாள் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.  சொன்ன அந்த ஒரு வரி அவள் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாள், இன்றைக்கு வாய்திறந்தே பொய் சொல்லிவிட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். திருகாணி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வேலைவாய்ப்பு சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே இவர்களிடம் வந்தார். நல்ல மனுஷர். முகமெல்லாம் அக்கறை.

“நீ பேசினதக் கேட்டேம்மா. சந்தோஷம். மனசு மாறிட்டேன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவாயில்ல, இப்பவே கம்பெனிக்குப் போன் பண்ணிடறேன். உனக்கு அடுத்தது நம்ம கமெண்ட்தான், பாவம், அவனுக்காவது ஆகட்டும்.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். கடவுள் இரண்டாம் தடவை இப்படி வாசலைத் திறந்து வைப்பதில்லை. மேனேஜர் ஒன்றுமே செய்ய வேண்டாம். பேசாமல் நின்றால் போதும். வேலை போய்விடும், கடை இருக்கும், தோளில் இருக்கிற கை அங்கேயே இருக்கும். திருகாணிக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கமெண்ட்டின் வீட்டிலும் விளக்கு எரியும். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். விரல் நின்றது. போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

“வேண்டாம் சார்,” என்றாள் மேனேஜர். “நான் சேர்றேன்.”

சார் போனை இறக்கினார். இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ புரிந்தது போலிருந்தது. சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, தேவையில்லாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தோளில் இருந்த கையைத் திருகாணி வெடுக்கென்று எடுக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி மெதுவாக எடுத்து, டீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டுப்போன கருவியைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது மேனேஜருக்குத் தெரிந்தது.

“அது என் இடமாடி?”

ஆமாம் என்று மேனேஜர் தலையசைத்தாள்.

“நான் வேண்டாம்னு சொன்ன அன்னிக்கேவா?”

அதற்கும் தலையசைத்தாள். அதைப் பிடிக்கிறதுக்காக உன்னை விடச் சொல்லல, சத்தியமா இல்லடி என்று ஆரம்பித்தாள். தெரியும் என்றாள் திருகாணி. அவள் உடனே நம்பிவிட்டது இன்னும் கேவலமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“வேணும்னு எங்கிட்டக் கேட்டிருந்தா நானே உனக்காக விட்டுக் கொடுத்திருப்பேனே.”

“பயந்துட்டேண்டி,” என்றாள் மேனேஜர். “கடை ஓடாமப் போனா என்ன பண்றதுன்னு இருந்துச்சு. உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீ இருக்கேன்னுதான் வேலைய விட்டேன்.”

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைச் சன்னல் மேடையில் வைத்தாள். அந்தப் பக்கம் போட்டோ எடுப்பதற்காக யாரோ இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வர்றோம் என்று திருகாணி கையைக் காட்டினாள். இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள். அவளுக்கு ஆள் வேண்டுமென்றால், நாலு வருஷமாக, மேனேஜரிடம்தான் கேட்டுப் பழக்கம்.

“கடைக்கு வேற ஆள் பாக்கணும். எனக்கு யாரையும் தெரியாது. நடுவுல விட்டுட்டுப் போகாத ஆளா உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்றியாடி?”

குத்திக் காட்டவில்லை. அவளுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. நிஜமாகவே கேட்டாள், பதிலுக்கு நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மேனேஜர், எல்லா வகுப்பிலும் எல்லாரையும் தெரிந்த மேனேஜர், வாயைத் திறந்து ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாமல் நின்றாள்.